கெட்டுப்போனது கீபோர்டு இல்லீங்க

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது தொழில்நுட்பப் பதிவு இல்லை. நான் பி.காம். படிச்சிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிற ஆள். இது கோபத்தில் எழுதுவது. கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

என் மாமனாருக்கு எழுபத்தாறு வயசு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இருப்பது மாட்டுங்கா லேபர் கேம்ப். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். (இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குங்க.) 2009-ல் என்னுடைய பழைய லேப்டாப்பை அவரிடம் கொடுத்து, தமிழ்99 சார்ட் ஒன்றைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் சார்ட்டைப் பார்க்காமல் அடித்தார். ரயிலேறி வந்தது, தாராவியில் முதல் மழை, குழாயடி வரிசை என்று பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் கடிதமாக எழுதுவார். எல்லாம் "தாத்தா" என்ற கையெழுத்தோடு முடியும்.

போன வருஷம் லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று பக்கத்துக் கடையில் கொடுத்தார். ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து "தாத்தா" என்று அடித்தால் "தௌததௌ" என்று வந்தது. திரும்பக் கடைக்குப் போனார். "மழைக்கு ஈரம் இறங்கிடுச்சு, கீபோர்டு மாத்தணும்" என்று 2,800 ரூபாய் வாங்கினார்கள். புதுக் கீபோர்டிலும் அதே "தௌததௌ". மறுபடி போனபோது கடைக்காரர் இங்கிலீஷில் நாலு வரி அடித்துக் காட்டி, "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் மறந்து போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மனுஷன் அதை நம்பிட்டார். லேப்டாப்பைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். மூணு மாசம் ஒரு வரி எழுதவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் போனபோது நான்தான் கேட்டேன், "என்ன மாமா, இப்பல்லாம் கடிதமே வர்றதில்லை?" மெதுவாகச் சொன்னார், "விரலுக்கு எழுத்து மறந்து போச்சு மாப்ள. இனி ஒவ்வொண்ணா இப்படித்தான் போகும் போல."

உட்கார்ந்து பார்த்தேன். அஞ்சு நிமிஷ வேலை.

விஷயம் இதுதான். விண்டோஸில் தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகைகள் இருக்கின்றன. வெறுமனே "தமிழ்" என்று பெயர் போட்டிருப்பது இன்ஸ்கிரிப்ட். 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 13194 என்ற தரத்தோடு கொண்டுவந்தது. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே ஒலிக்கு ஒரே விசை. கே விசையில் மராத்திக்கு 'க', தமிழுக்கும் 'க'. நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது தமிழ்99. அதில் 'க' எச் விசையில் இருக்கிறது. எல் விசையோ இரண்டிலுமே 'த'. க்யூ விசை தமிழ்99-ல் 'ஆ', இன்ஸ்கிரிப்டில் ஔகாரக் குறி. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைக்கும் வசதியும் இன்ஸ்கிரிப்டில் கிடையாது. இப்போது கணக்குப் போடுங்க. எல், க்யூ, எல், எல், க்யூ. தமிழ்99-ல் தாத்தா. இன்ஸ்கிரிப்டில் தௌததௌ.

அவருக்கு எதுவும் மறக்கவில்லை. விரல் போகவேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் போயிருக்கிறது. 'த' சரியாக வந்து மற்றது தப்பாக வந்ததால்தான் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இங்கிலீஷ் சரியாக வந்து தமிழ் மட்டும் தப்பாக வந்தால் கீபோர்டு எப்படிங்க கெட்டுப் போயிருக்கும்? இந்த ஒரு கேள்வியை 2,800 ரூபாய் வாங்கினவர் கேட்கவில்லை. சரி, அவருக்குத் தமிழ் தெரியாது என்று விட்டுவிடலாம். வீட்டில் நாங்கள் நாலு பேர் படித்தவர்கள் இருந்தோமே?

ஏதோ சிரமம் என்று என் மச்சானுக்கு முன்னமே தெரியும். "இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ அடிங்கப்பா, புரிஞ்சுக்குவோம்" என்றிருக்கிறான். இன்னொரு சொந்தக்காரர் "வாட்ஸப்ல பேசி அனுப்புங்க". சொல்கிறவர்களுக்கு இது சுலபம். பேசி அனுப்புவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு வரியை அடித்து, அழித்து, யோசித்து எழுதுகிறவர். அதற்கு மாற்று இது இல்லை.

பேங்கிலும் இதே கதைதான். 2010 ஜூலையில் ரூபாய்க்கு ₹ சின்னம் வந்தது. வரைந்தவர் தமிழ்க்காரர், நம்ம பவாய் ஐ.ஐ.டி.யில் படித்த உதயகுமார். யூனிகோடில் அது சேர்வதற்குள், டேப் விசைக்கு மேலே இருக்கும் விசையில் அதை ஒளித்துவைத்த ஒரு எழுத்துரு பரவியது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தொகைக்கு முன்னால் ஒரு சாய்ந்த கீறல்தான் தெரியும். விசை அதே, படிக்கிற மெஷின் வேறு. அதற்காக யாரும் கீபோர்டை மாற்றவில்லை.

ஆகவே, கடைக்கு ஓடுவதற்கு முன்னால்:

விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டி எந்த மொழி, எந்தக் கீபோர்டு என்று பாருங்க. தமிழ்99 இல்லை என்றால் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் சேர்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது. @ அடித்தால் மேற்கோள் குறி வருகிறதா? பிரிட்டிஷ் கீபோர்டு தேர்வாகியிருக்கும். (பாஸ்வேர்டு தப்பு என்று பேங்கைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்க, புண்ணியமாகப் போகும்.) சின்ன லேப்டாப்பில் ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 வருகிறதா? நம்லாக். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் வெளியிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கீபோர்டைச் செருகுங்க. அதிலும் தப்பாக வந்தால் கோளாறு அநேகமாக செட்டிங்கில். அதில் சரியாக வந்தால் மட்டும் கடைக்குப் போங்க.

தாராவியோ, செம்பூரோ, துபாயோ, நியூஜெர்சியோ, நம்ம வீட்டுப் பெரியவர்கள் "எனக்குத் தெரியல"ன்னு ஒதுங்கும்போது அதை அப்படியே ஏத்துக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் அடிக்கும்போது திரையைப் பாருங்க. நான் அதைச் செய்ய மூணு மாசம் ஆச்சு.

தமிழ்99-ஐ மாற்றிக் கொடுத்ததும் மாமா சந்தேகத்தோடு அஞ்சு விசை தட்டினார். தாத்தா. இன்னொரு தடவை. தாத்தா. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அந்த 2,800-ஐ அவன் திருப்பித் தருவானா மாப்ள?" என்று கேட்டார்.

டிஸ்கி: தரவில்லை.