ஒருவர் சாட்சியம் உலகத் தீர்ப்பாகுமா?

முதுமையில் நினைவைக் கவரும் மறதி நோய்களுள் தலையாயது அல்சைமர் நோய். 'அபோ-ஈ 4' என்னும் பரம்பரையலகு வடிவம் அந்நோய்க்குத் துணைபோவதை 1993ஆம் ஆண்டில் அமெரிக்க டியூக் சர்வகலாசாலை ஆய்வாளர் கண்டறிந்தனர். அதனை உடையார் எல்லோர்க்கும் ஒரே விதிதானா?

1997இல் வெளியான தொகுப்பாய்வு அன்று என்கின்றது. தாய், தந்தை இருவழியாலும் அவ்வடிவத்தைப் பெற்றோர்க்கு நோயுறும் சாத்திய விகிதம் ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 15 மடங்கு. யப்பானியரில் 33 மடங்கு. ஆபிரிக்க அமெரிக்கரில் 6 மடங்கே.

2001இல் வெளியான இன்னோர் ஆய்வு, நைஜீரியாவின் இபாதான் நகரத்து யொரூபா முதியோரையும் அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரத்து ஆபிரிக்க அமெரிக்க முதியோரையும் ஒப்புநோக்கிற்று. ஆண்டுதோறும் புதிதாக அல்சைமர் நோயுற்றோர் முறையே நூற்றுக்கு 1.15, 2.52. இருசாராரின் மூதாதையரும் ஆபிரிக்கரே, வாழ்நிலையோ வேறு. விதை ஒன்றாயினும் நிலம் மாறின் விளைவு மாறும் என்பதை உழவர்க்கு நாம் உரைக்க வேண்டியதில்லை.

இருந்தும், பரம்பரையலகு ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினரையே ஆராய்ந்துள்ளன. ஒரு தரப்பின் சாட்சியத்தை மட்டும் கேட்டு ஊர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது எந்த மன்றிலும் நீதியாகாது. அத்தகைய தீர்ப்பால் ஒருவர் வீணே அஞ்சுவர். இன்னொருவர் வீணே அயர்ந்திருப்பர்.

எம்மக்கள்மீது பரிசோதனையும் மருந்தும் பிரயோகிக்கப்படுமோ, அம்மக்களும் ஆய்வில் இடம்பெறல் வேண்டும். இது சலுகையன்று, உரிமை. அதுவரை வாளாவிருத்தலும் தகாது. கல்வியின்மை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிப்புலன் குறைவு முதலிய 14 ஏதுக்களை நீக்கின் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ பின்போடவோ இயலும் என 2024இல் லான்செற் ஆணைக்குழு மதிப்பிட்டது. பரம்பரையை மாற்ற இயலாது. இவற்றை மாற்ற இயலும். அரசுகள் முதலில் ஆற்றவேண்டிய கடமை இதுவே.