பச்சைக் கிண்ணம்

மார்ச் 17-ஆம் தேதி வந்துவிட்டால் அமெரிக்காவில் ஐரிஷ் வம்சத்தார் வீடுகளில் எல்லாம் பச்சை மயம்தான். பெண்மணிகளின் கவுன் பச்சை. கேக்கின் மேல் பூச்சு பச்சை. விருந்தினர் கையிலுள்ள கிண்ணத்திலும் பச்சை! புனித பாட்ரிக் என்ற மகானின் திருநாள் அது. சிகாகோ நகரத்தார் 1962-இல் ஆற்றிலேயே பச்சைச் சாயத்தைக் கரைக்க ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இந்தப் பச்சைப் பானம் அயர்லாந்தின் புராதன வழக்கமாக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். தாய்நாட்டில் முன்பெல்லாம் அன்று தேவாலயத்துக்குப் போவதுதான் விசேஷமாக இருந்தது. 1920-களில் வந்த சட்டத்தினால் மதுக்கடைகளையே அன்று மூடிவிட்டார்கள். 1960-இல் வந்த சட்டம்தான் திறந்துவிட்டது. அதுவரை டப்ளினில் நடந்த நாய்க் கண்காட்சியில் மட்டும் மது கிடைத்ததாம். கூடிய கூட்டம் அத்தனையும் நாய் பார்க்க வந்ததுதானா என்று கேட்கக்கூடாது!

பானத்தில் பச்சையைக் கலந்தவர்கள் கடல் கடந்து போனவர்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு ஜனங்கள் கப்பலேறினார்கள். ஊரைப் பிரிந்தவர்களுக்கு ஊரின் நிறமாவது கண்ணில் பட வேண்டாமா? 1914-இல் கர்ட்டின் என்ற நியூயார்க் டாக்டர் ஒரு விருந்தில் பச்சை பீர் வரவழைத்ததாக அந்நாளைய பத்திரிகை எழுதியது. ரகசியம் என்ன தெரியுமா? துணிக்குப் போடும் சலவை நீலம், ஒரு சொட்டு! மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சைதானே? அந்தப் பரீட்சை நமக்கு வேண்டாம். இப்போது சமையல் சாயம்தான் சேர்க்கிறார்கள்.

விருந்துகளில் பெயர்பெற்ற பச்சைப் பானம் 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி. பச்சைப் புதினா மது, நிறமில்லாத கோக்கோ மது, பால் க்ரீம் மூன்றும் சம அளவு. ஐஸ் கட்டியுடன் மூடிய பாத்திரத்தில் குலுக்கி வடிகட்டினால் முடிந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் கிட்டே வரக்கூடாது, க்ரீம் திரிந்துவிடும்.

குடிக்காதவர்களுக்கு? அயர்லாந்திலேயே 1898-இல் தோன்றிய 'பயனீர்' சங்கத்தார் மதுவைத் தொடுவதில்லை. மேஜையெல்லாம் பச்சையாக இருக்க, அவர்களுக்கு மட்டும் வெறும் தண்ணீரை நீட்டுவது என்ன உபசாரம்?

ஒரு பிடி புதினாவைக் கொதிநீரில் பத்து விநாடி அமிழ்த்தி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். இலை கறுக்காது. சர்க்கரைப் பாகு விட்டு அரைத்து, வடிகட்டி, பரிமாறும்போது சோடா ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றைக் கடைசி நிமிஷத்தில்தான் பிழிய வேண்டும். புளிப்பில் ஊறினால் பச்சை மங்கிவிடும். நாம் ஒரு தடவை காலையிலேயே பிழிந்து வைத்தோம். மாலையில் பார்த்தால் சாக்ஷாத் குட்டைத் தண்ணீர்!

குழந்தைகள் இருக்கும் வீடானால் இதை உயரமான தம்ளரில் கொடுங்கள். மதுக் கிண்ணமும் பச்சைதான். அவசரத்தில் கை மாறிவிடும்.