440 உயிர், 24 பவுண்டு அபராதம்: செங்ஹெனித் என்ற சுரங்க ஊர் எதை மறக்க மறுக்கிறது?

“சுரங்க விபத்தில் இத்தனை பேர் பலி.” போனில் இப்படி ஒரு நோட்டிஃபிகேஷன் வரும். படிப்போம், ஒரு நிமிஷம் வருத்தப்படுவோம், ஸ்வைப் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். செத்தவர்கள் பெயர் என்ன, வயது என்ன, யார் செய்ய வேண்டியதைச் செய்யாததால் செத்தார்கள்? பெரும்பாலும் அது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கேர்ஃபிலி பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிற செங்ஹெனித் என்ற சின்ன ஊர், நூறு வருஷம் கழித்தும் இந்தக் கேள்விகளை விடவில்லை.

அங்கே என்ன நடந்தது?

1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கத்தில் காலை ஷிஃப்டுக்கு சுமார் 950 பேர் இறங்கியிருந்தார்கள். எட்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே தேங்கியிருந்த மீத்தேன் வாயு தீப்பிடித்து வெடித்தது. வெடிப்பு கிளப்பிய நிலக்கரித் தூசும் சேர்ந்து எரிய, சுரங்கத்தின் மேற்குப் பகுதி முழுக்க நாசமானது. 439 தொழிலாளர்கள் செத்தார்கள். காப்பாற்றப் போன ஒருவரும் செத்தார். மொத்தம் 440. இன்றுவரை பிரிட்டனின் மிக மோசமான சுரங்கப் பேரழிவு இதுதான். செத்தவர்களில் 14 வயதுப் பையன்களும் இருந்தார்கள்.

பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி உச்சத்தைத் தொட்டதும் அதே 1913இல்தான்.

“விபத்து” என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஏன்னா, இதே சுரங்கம் 12 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு முறை வெடித்திருந்தது. 1901 மே மாத வெடிப்பில் 81 பேர் செத்தார்கள். தூசு ஆபத்தானது, அதைத் தண்ணீர் விட்டு அடக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

அடுத்தது இன்னும் முக்கியம். 1911இல் வந்த சுரங்கச் சட்டம், காற்றோட்டத்தைத் தேவைப்பட்டால் எதிர்த்திசையில் திருப்புகிற வசதி ஒவ்வொரு சுரங்கத்திலும் இருக்க வேண்டும் என்றது. வெடிப்புக்குப் பிறகு பரவுகிற கார்பன் மோனாக்சைடு, தீயை விட அதிகம் பேரைக் கொல்லும். உள்ளே போகிற காற்றே அந்தப் புகையைத் தொழிலாளர்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். காற்றைத் திருப்ப முடிந்தால் சிலராவது பிழைக்க வாய்ப்பு உண்டு.

1913 ஜனவரி 1க்குள் இந்த வசதி வந்திருக்க வேண்டும். இந்தச் சுரங்கத்துக்கு செப்டம்பர் வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. செப்டம்பரும் முடிந்தது, வசதி வரவில்லை. அக்டோபரில் சுரங்கம் வெடித்தது.

தண்டனை?

மேலாளர் மீதும் நிறுவனத்தின் மீதும் வழக்கு நடந்தது. மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். நிறுவனத்துக்கு 10 பவுண்டு, கூடவே கொஞ்சம் வழக்குச் செலவு. அவ்வளவுதான். 24 பவுண்டை 440ஆல் வகுத்தால் ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பென்னியும் சொச்சமும் வரும். அன்றைய பத்திரிகை ஒன்றே கோபத்தோடு இந்தக் கணக்கைப் போட்டது.

அடுத்த வருஷம் முதல் உலகப்போர் வந்தது. சாவு எண்ணிக்கை லட்சங்களில் பேசப்பட்ட காலத்தில் 440 என்பது சின்ன எண்ணாகிவிட்டது. 1928இல் சுரங்கமும் மூடப்பட்டது. வேலையும் போச்சு. ஊர் இதை மெல்ல மறந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது?

சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. அதன் வெளியே, தொழிலாளர்களை மேலும் கீழும் இறக்கி ஏற்றிய சக்கரக் கோபுரத்தின் மாதிரி ஒன்று 1981இல் வைக்கப்பட்டது. பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள்.

பெரிய நினைவிடம் வந்தது 2013 அக்டோபர் 14 அன்று, சரியாக நூறு வருஷம் கழித்து. காயம்பட்ட தொழிலாளியை மீட்புப் பணியாளர் ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கிற வெண்கலச் சிலை. ஆனால் அங்கே மனசைப் பிடித்து நிறுத்துவது சிலை அல்ல, அதன் பின்னால் இருக்கிற சுவர். செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஓடு பதித்திருக்கிறார்கள். பெயர், வயது, முகவரி. 1901இல் செத்த 81 பேருக்கும் அங்கே இடம் உண்டு. பக்கத்திலேயே ஒரு நடைபாதை. வேல்ஸின் மற்ற சுரங்கங்களில் நடந்த பேரழிவுகள் அதில் பதிக்கப்பட்டிருக்கின்றன.

ஓட்டில் முகவரி எதுக்கு என்று தோணலாம். “440 பேர்” என்று படித்தால் அது ஒரு தொகை. ஒரு தெருப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் படித்தால், அந்தத் தெருவில் அன்றைக்கு எத்தனை வீட்டில் இழவு விழுந்தது என்று புரியும். ஒரே முகவரி இரண்டு ஓட்டில் வந்தால் அது அப்பாவும் மகனுமாக இருக்கலாம், அண்ணன் தம்பியாக இருக்கலாம். விளக்கிச் சொல்ல ஆளே வேண்டாம்.

1901ஐயும் 1913ஐயும் ஒரே இடத்தில் வைத்ததுதான் இந்த ஊர் செய்த பெரிய காரியம். 1913 மட்டும் இருந்திருந்தால் அது ஒரு சோகம். இரண்டும் சேர்ந்து இருக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: முதல் முறை பாடம் கற்கவில்லையா? துக்கத்துக்குப் பூ போதும். பொறுப்பைக் கேட்க வேண்டுமென்றால் பெயரும் தேதியும் வேண்டும்.

அப்படியானால் எல்லாம் சரியா?

இல்லை. இந்த நினைவுக்கும் ஒரு குறை உண்டு, இது செங்ஹெனித்தோடு நிற்கிற குறையும் அல்ல. நிலக்கரிச் சுரங்கங்களில் செத்தவர்களில் பெரும்பாலானோர் இப்படிப் பெரிய வெடிப்பில் சாகவில்லை. கூரை சரிந்து ஒருத்தர், வண்டி மோதி ஒருத்தர் என்று ஒன்றிரண்டாகச் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்கு நூற்றாண்டு விழா கிடையாது.

நுரையீரலில் தூசு படிந்து, மூச்சு விட முடியாமல் வருஷக்கணக்கில் அவதிப்பட்டு வீட்டுக் கட்டிலில் செத்தவர்கள் கதையும் அதேதான். தெற்கு வேல்ஸில் இந்த நோய் மிக அதிகம். அதை நிலக்கரித் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர வேண்டிய நோயாக ஏற்கவே 1943 ஆனது. இந்தச் சாவுக்கு ஒரே ஒரு தேதி இல்லை. தேதி இல்லாத சாவுக்கு நினைவு நாள் எப்படி வைப்பது? எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் நினைவு என்றால், அதுவும் அநியாயம்தான்.

இருந்தாலும், மற்ற சுரங்கங்களின் பேரழிவுகளையும் தன் மண்ணில் பதித்துவைத்த ஊர் இது. “எங்க ஊர் ஆளுங்க” என்ற எல்லையைத் தாண்டிய நினைவு அது. தனியாகச் செத்தவர்களுக்கும் இருமிச் செத்தவர்களுக்கும் இடம் தர வேண்டுமென்றால், அந்தத் திசையில்தான் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

நமக்கு என்ன?

தொழிலிடச் சாவுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: எண்ணிக்கை வரும், இழப்பீட்டுத் தொகை வரும், விசாரணைக்கு உத்தரவு என்று வரும், அதோடு செய்தி முடியும். விசாரணையில் என்ன தெரிந்தது, எந்த விதி மீறப்பட்டது, அவகாசம் கொடுத்தது யார் என்பதைத் தேடிப் படிக்கிறவர்கள் குறைவு. எழுதுகிறவர்களும் குறைவு. ஊடகங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

செங்ஹெனித்காரர்கள் பெரிய புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. பட்டியலைக் கையில் வைத்திருந்தார்கள், அதைச் சுவரில் பதித்தார்கள், வருஷா வருஷம் அக்டோபர் 14 அன்று அந்தச் சுவர் முன்னால் போய் நிற்கிறார்கள். நீதிமன்றம் ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங் சொச்சம் என்று கணக்கை முடித்த பிறகும், அந்த ஊர் அதை முடிந்த கணக்காக ஏற்கவில்லை.

அடுத்த முறை போனில் ஓர் எண் வரும்போது, ஸ்வைப் செய்வதற்கு முன்னால் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: அதே இடத்தில் இதற்கு முன்னாடி எப்போது, எத்தனை பேர்?