கிளாக் இல்லாம மெமரி ஓடாது மக்களே!

"மூளைத்தண்டு எதுக்கு?"ன்னு கேட்டா, பிளஸ் டூ பயாலஜி படிச்சவங்க உடனே சொல்லுவாங்க: மூச்சு, இதயத்துடிப்பு. ஞாபகம்னா ஹிப்போகேம்பஸ். இரண்டும் தனித்தனி டிபார்ட்மென்ட். இந்தப் பிரிவினையே தப்பு என்பது என் கருத்து. இதை நம்பித்தான் செமஸ்டருக்கு முந்தின நாள் தூக்கத்தை வெட்டிவிட்டு நைட் அவுட் போடுகிறோம்.

1954-ல் கிரீன், அர்டுயினி என்ற இருவர் விலங்குகளின் ஹிப்போகேம்பஸில் எலெக்ட்ரோடு வைத்துப் பார்த்தார்கள். விலங்கு உஷாரானதும் அங்கே ஒழுங்கான மின் அலை எழுந்தது. மூளைத்தண்டைத் தூண்டினாலும் அதே அலை! இதைத்தான் தீட்டா என்கிறோம். எலியில் சுமார் 4 முதல் 12 ஹெர்ட்ஸ்.

ஈ.சி.இ. மக்களுக்கு இது ஈஸியா புரியும். மீடியல் செப்டம் என்ற பகுதிதான் ஆசிலேட்டர். அதைச் சிதைத்தால் தீட்டா காணாமல் போகும். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் குறிப்பிட்ட ஓரிடத்துக்குக் கரண்ட் கொடுத்தால் தீட்டா வரும். கரண்ட்டைக் கூட்டினால் அதிர்வெண்ணும் கூடும். அப்படியே நம்ம வி.சி.ஓ. மாதிரி! அதே மூளைத்தண்டில் பிரேக்கும் இருக்கு: மீடியன் ராஃபே. அதைத் தூண்டினால் அலை கலையும், அடக்கினால் விடாமல் ஓடும்.

நாம் கனவு காணும் ரெம் தூக்கத்தில் ராஃபேயின் செரட்டோனின் செல்கள் ஓய்ந்துவிடும். பிரேக் விட்டாச்சு. தூங்கும் எலிக்குள்ளும் தீட்டா ஓடும்.

அதனால் என்ன பயன்? 2016-ல் வந்த ஓர் ஆய்வில், சுண்டெலிகள் ரெம் தூக்கத்தில் இருக்கும்போது மட்டும் செப்டத்தின் சில செல்களை ஒளியால் அணைத்தார்கள். தூக்கம் கலையவில்லை, தீட்டா மட்டும் குறைந்தது. விளைவு? எந்தப் பொருள் எங்கே இருந்தது என்பதே அவற்றுக்கு நினைவில் நிற்கவில்லை. ரெம் அல்லாத நேரத்தில் அணைத்தபோது இந்தப் பாதிப்பு இல்லை.

சுண்டெலியில் பார்த்ததை அப்படியே மனுஷனுக்கு ஒட்ட முடியாதுதான். ஆனால் தூக்கம் கெட்டால் நம்ம ஞாபகமும் அடிவாங்கும் என்பதில் சந்தேகமில்லை. நமக்கு ரெம் தூக்கம் அதிகம் வருவது விடியலை ஒட்டிய மணிநேரங்களில். நாம அலாரம் வைத்து வெட்டுவதும் சரியா அதைத்தான்.

டேட்டா எழுதும்போது கிளாக்கைப் பிடுங்குகிற இன்ஜினியர் யாராவது உண்டா? அப்புறம் ஹாலில் உட்கார்ந்து, "படிச்சதுதான், வரமாட்டேங்குதே"ன்னு முழிக்கிறோம். அஞ்சாவது யூனிட்டை விட்டாலும் பரவாயில்லை, போய்த் தூங்குங்க.