முளையிலே தெரியாத செம்பனை

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். செம்பனைக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. நாற்றுப் பண்ணையில் எல்லாக் கன்றுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நிற்கும். எது எண்ணெய் தரும், எது ஏமாற்றும் என்பது நட்டுச் சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துக் காய்க்கும்போதுதான் தெரியும். பிறகு 25 ஆண்டுகள்வரை அந்த மரத்தோடுதான் பிழைப்பு. அதனால்தான் சொல்கிறேன்: மரபணுச் சோதனை பெரிய தோட்டங்களோடு நின்றுவிடாமல், சிறுதோட்டக்காரர் வாங்கும் கன்றுக்கும் வரவேண்டும்.

செம்பனையில் மூன்று வகைகள் உண்டு. கொட்டையின் ஓடு தடித்திருந்தால் டூரா. ஓடே இல்லாவிட்டால் பிசிஃபெரா. இதில் பெரும்பாலும் குலைகள் முற்றாமலே வாடிவிடும். இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள டெனெரா கிடைக்கும். ஓடு மெலிவதால் சதை கூடுகிறது. டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அதிக எண்ணெய் கிடைக்கிறது. ஓட்டின் தடிமனை ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்பது 1941இல் பெல்ஜியக் காங்கோவில் நடந்த ஆய்வின் மூலம் வெளியானது. அந்த மரபணுவை மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2013இல் அடையாளம் கண்டனர்.

இப்போது உங்கள் மெண்டல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். டூராவையும் பிசிஃபெராவையும் கலந்தால் கன்றுகள் எல்லாமே டெனெரா. ஆனால், நன்றாகக் காய்க்கிறதே என்று டெனெரா தோட்டத்தில் உதிர்ந்த விதையை நட்டால், கால் பங்கு டூரா, கால் பங்கு பிசிஃபெரா. பாதி நிலம் வீண்!

சிறந்த மரத்தைத் திசு வளர்ப்பு முறையில் நகலெடுத்தால் சிக்கல் தீருமா? 1980களில் அப்படி வளர்த்த மரங்கள் சிலவற்றில் பழத்தைச் சுற்றிப் போர்வைபோல் கூடுதல் மடல்கள் முளைத்தன. பாதிப்பு கடுமையான மரங்களில் குலைகள் பழுக்கவே இல்லை. காரணம் 2015இல்தான் தெரியவந்தது. டிஎன்ஏவின் எழுத்துகள் மாறவில்லை. 'கர்மா' என்று பெயரிடப்பட்ட ஒரு பகுதியில் ஒட்டியிருக்க வேண்டிய வேதிக் குறிகள் திசு வளர்ப்பின்போது உதிர்ந்திருந்தன. மரபணு ஒன்றாக இருந்தாலே வளர்ச்சியும் ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

இந்த இரண்டு குறைகளையும் இன்று கன்றின் இலையிலேயே சோதித்துக் கண்டுபிடிக்கலாம். 'செலவாகுமே' என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் செலவைக் கன்றின் விலையோடு ஒப்பிடக் கூடாது. 25 ஆண்டு விளைச்சலோடு ஒப்பிட வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் உள்ள நிறுவனம் நூறு மரங்களை இழந்தாலும் தாங்கும். நாலு ஏக்கர் வைத்திருப்பவர் தாங்கமாட்டார்.

உங்கள் உறவினர் யாராவது செம்பனைக் கன்று வாங்கப் போனால், விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: விதை எங்கிருந்து வந்தது? சோதித்துப் பார்த்தீர்களா?