பிளாஸ்திரி அரித்தால் தாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை விளையாட அனுப்புகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

தி.நகர் சோமசுந்தரம் மைதானமாகட்டும், பெசன்ட் நகர் கடற்கரையாகட்டும், காலையில் போனால் முழங்காலிலும் தோளிலும் கலர் கலராக டேப் ஒட்டிய பிள்ளைகளைப் பார்க்கலாம். ஜப்பானில் கென்ஸோ காஸே என்பவர் 1970களில் உருவாக்கியது இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்கள் ஒட்டிக்கொண்டு வந்தபிறகு உலகமெங்கும் பரவிவிட்டது. சுளுக்குக்குச் சுற்றும் வெள்ளை பிளாஸ்திரி அதற்கும் முந்தியது. ஒட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அரிக்கிறது என்று பிள்ளை சொன்னால், "விளையாட்டுன்னா அப்படித்தான், தாங்கிக்கோ" என்கிறார்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உறவில் ஒரு பெண், கைப்பந்து ஆடுகிறவள். கணுக்காலில் அரிப்பு என்று சொன்ன பிறகும் அதே இடத்தில் மறுபடி டேப் சுற்றியிருக்கிறார்கள். பிரித்தபோது நீர்க்கொப்புளம். அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை.

வியர்வை, இறுக்கி இழுத்து ஒட்டுவது, வெடுக்கென்று பிய்ப்பது, இவற்றால் வரும் எரிச்சல் டேப் பட்ட இடத்தோடு நிற்கும், சீக்கிரம் ஆறும். ஒவ்வாமை வேறு. அது பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும், டேப்பின் எல்லையைத் தாண்டியும் பரவும். ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறக்காது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும்.

காரணம் பெரும்பாலும் பசைதான். வெள்ளை பிளாஸ்திரி பலவற்றில் இருப்பது பைன் மரப் பிசினான ரோசின். மயிலாப்பூர்க் கச்சேரிகளில் வயலின்காரர் வில்லில் தேய்க்கிறாரே, அதுவே. டேப் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அடியில் தடவும் டிங்சர் பென்சாயின், நம் சாம்பிராணிக் குடும்பம். இயற்கைப் பொருள்தானே என்று நம்பிவிடக் கூடாது, இரண்டுமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்டிக்கர் பொட்டுப் பசையால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பசையில் இருக்கும் ரசாயனப் பிசின் முட்டிக்குப் போடும் ரப்பர் உறையிலும் சில பிளாஸ்திரிகளிலும் உண்டு. நம் ஊரில் ஒரு பெண்ணின் தோலில் வெள்ளை விழுந்தால் என்னென்ன பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பயிற்சியாளர்கள் டேப்பை எடுக்கும் முன் "முன்பு எதுவும் அரித்ததா?" என்று கேட்கட்டும். முன்கையின் உள்பக்கம் சின்னத் துண்டு ஒட்டி இரண்டு நாள் பார்க்கட்டும். அரித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முடி வளர்ந்த திசையில் மெதுவாக உரியுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்தப் பொருள் ஆகவில்லை என்பதை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனையில் தோல் மருத்துவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

நம் பிள்ளைகளில் தோல் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கிறீர்கள். விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.