படுக்கையின் நான்கு முனைகள்

கப்பர்நகூம் ஊரில் நடந்த அந்த நிகழ்ச்சியை நம்மில் பலர் ஞாயிறு பள்ளி நாட்களிலேயே கேட்டிருக்கிறோம். இயேசு ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். வாசல்வரை கூட்டம் நெருங்கி நிற்கிறது. திமிர்வாதத்தால் முடங்கிய ஒருவனை நான்கு பேர் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். உள்ளே நுழைய வழியில்லை. எனவே கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரம் இதைக் கூறுகிறது. அக்காலத்துப் பாலஸ்தீன வீடுகளின் கூரை, மரக்கட்டைகளின்மேல் கிளைகளும் களிமண்ணும் பரப்பி அமைக்கப்பட்டது. அதைப் பெயர்ப்பது இயலக்கூடிய வேலைதான். எனினும் வெயிலில், ஊரார் முன்னிலையில், பிறர் வீட்டுக் கூரையில் அதைச் செய்ய மனத்துணிவு வேண்டும்.

மருத்துவமனையில் நாட்களைக் கழிக்கும் நாம் இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, ஆண்டவர் யாருடைய விசுவாசத்தைக் கண்டார் என்பது. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகவும் குறிப்பில்லை. அவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று எவரும் அளந்து பார்க்கவில்லை.

ஆனால் நம் வார்டுகளில் நடப்பது என்ன? நலம் விசாரிக்க வரும் சிலர், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, விசுவாசம் இன்னும் பெருகவேண்டும் என்கிறார்கள். வாழ்வில் அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டா என்று ஆராயச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சொற்களே அவை. ஆயினும் வலியோடு இரவைக் கடக்கும் ஒருவருக்கு அவை இன்னொரு வலியாகின்றன. பிறவிக் குருடனைக் கண்டபோது, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் பாவம் செய்தார்களா என்று சீடர்கள் கேட்டனர். இரண்டும் இல்லை என்பதே இயேசுவின் பதில். கப்பர்நகூமிலும் அவர் மன்னிப்பை அறிவித்தாரே தவிர, பாவத்தினால்தான் நோய் வந்தது என்று குற்றஞ்சாட்டவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபிறகுதான் அவனைக் காயப்படுத்தினார்கள். அந்நூலின் இறுதியில் தேவனுடைய கோபம் யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல் மூண்டது என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாவது செய்தி, சுமந்தவர்களின் எண்ணிக்கை. நான்கு பேர் என்று மாற்கு தெளிவாகவே குறிப்பிடுகிறார். ஒரு படுக்கைக்கு நான்கு முனைகள். முனைக்கு ஒருவர்.

நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவரே நான்கு முனைகளையும் தூக்குகிறார். இரவில் கட்டிலருகே பாய் விரித்துப் படுப்பவரும், காலையில் மருந்தகத்தில் வரிசையில் நிற்பவரும், காப்பீட்டுத் தாள்களில் கையெழுத்துக்காக அலைபவரும், கஞ்சி ஊட்டுபவரும், மருத்துவர் சொன்னதை நினைவில் வைத்திருப்பவரும், ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் முதலிலிருந்து விவரம் சொல்பவரும் ஒருவரே. அவர் பெரும்பாலும் மனைவி, அல்லது தாய், அல்லது மகள். ஏனையோர் “ஜெபத்தில் தாங்குகிறோம்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள்.

ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஜெபத்தில் தாங்குவது என்றால் என்ன என்று திருமறையே காட்டுகிறது. யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நிற்கிறார். நேரம் செல்லச் செல்லக் கைகள் சோர்ந்துபோகின்றன. ஆரோனும் ஊரும் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைக்கிறார்கள். பின்பு ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, சூரியன் அஸ்தமிக்கும்வரை அவர் கைகளைத் தாங்குகிறார்கள். சோர்ந்தவருக்கு உட்கார இடம் தேடித் தந்ததும் அந்த ஜெபத்தின் ஒரு பகுதியே.

“என் கணவரை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?” என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. அந்தக் கேள்வியில் உள்ள அன்பை வணங்குகிறேன். ஆனால் தூங்காத கண்கள் மருந்தின் அளவைத் தவறாகப் படிக்கக்கூடும். ஓய்வில்லாத மனம், யாரை நேசிக்கிறதோ அவர்மேலேயே எரிந்துவிழக்கூடும். எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் என்று சாவை வேண்டினார். தேவதூதன் அவருக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான். அவர் மறுபடியும் தூங்கினார். பின்பு மறுபடியும் உணவு தரப்பட்டது. கவனிப்பவர் உண்பதும் உறங்குவதும் கடமையில் தவறுவதாகாது.

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் உழைத்து, அதன்பின் மருத்துவம் பயின்றவர். கிறிஸ்தவ விசுவாசத்தால் உந்தப்பட்டு, 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். தீராத நோயுற்றவர்களின் வலி உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்ப உறவுகளிலும் ஆன்மாவிலும் உண்டு என்று அவர் எடுத்துரைத்தார். இந்த நான்கையும் ஒரே மருத்துவராலும் தாங்க இயலாது, ஒரே உறவினராலும் தாங்க இயலாது. இன்று உலகெங்கும் வலிதணிப்புச் சிகிச்சை ஒரு குழுவின் பணியாக நடைபெறுகிறது.

ஆகவே உறவினர்களுக்கும் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். “ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று சொல்லாதீர்கள். களைத்திருப்பவருக்கு உதவி கேட்பதும் ஒரு வேலைதான். “செவ்வாய் இரவு நான் தங்குகிறேன், அக்கா. நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்” என்று சொல்லுங்கள். ஒருவர் இரவுகளை ஏற்கட்டும். ஒருவர் தாள்களையும் கட்டணங்களையும் ஏற்கட்டும். ஒருவர் வீட்டிலுள்ள பிள்ளைகளையும் முதியோரையும் பார்க்கட்டும். ஒருவர் நோயாளியின் அருகே அமர்ந்து, அவர் பேசினால் கேட்டு, பேசாவிட்டால் உடன் மௌனமாயிருக்கட்டும். மருந்து வேளைகளை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் ஆள் மாறும்போது குழப்பம் வராது. நோயாளியைத் தூக்குவதையும் உணவூட்டுவதையும் எப்படிச் செய்வது என்று வார்டு செவிலியரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். சுமக்கப்படுவது அவமானமன்று. கப்பர்நகூம் மனிதன் அத்தனை பேர் பார்க்கக் கூரையிலிருந்து இறக்கப்பட்டான். அதற்கு அவன் உடன்பட்டதும் ஒரு துணிவே.

அன்று அவன் எழுந்து, தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தான். எல்லாப் படுக்கைகளிலும் அப்படி நிகழ்வதில்லை. நீண்ட நாட்கள் இங்கே தங்கியவர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் கூரையைப் பிரித்தபோது அந்த நால்வருக்கும் முடிவு என்னவென்று தெரியாது. அவன் எழுவதற்கு முன்பே, அவர்கள் மண் படிந்த கைகளோடு மேலே நின்றபோதே, ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார். நோய் நீங்கினாலும் நீங்காவிட்டாலும், சுமப்பவர்கள் செய்வது வீணாவதில்லை.

இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு படுக்கையை எண்ணிப்பாருங்கள். அதன் நான்கு முனைகளையும் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் மட்டும் இருந்தால், அருகே சென்று ஒரு முனையைப் பிடியுங்கள்.